நிமிஷத்துக்கு எண்பத்துநாலு

ஓஸ்லோவில் வெள்ளிக்கிழமை பிறக்கும்போது
பணகுடியில் மணி மூன்றரை.
ஆனி மாசம்.
சப்ஸ்டேஷன் அறையில் நானும்
சுடலைக்கண்ணு அண்ணனும் ஒரு பல்லியும்.
போனில் ஒரு சின்ன வட்டம் சுற்றுகிறது,
ஜன்னலுக்கு வெளியே நாற்பது பெரிய வட்டங்கள்.

இந்த மாசம் மூன்று ஆல்பம்.

ஃபின்லாந்துக்காரி ஹில்யாவும் கூட்டாளிகளும்
போன வெள்ளியே வெளியிட்டுவிட்டார்கள்.
எனக்குப் பிடிக்கவில்லை.
முந்தின ஆல்பத்தில் பாட்டுக்கு நடுவே
நாற்காலி கிரீச்சிடும்,
யாரோ மூக்கை உறிஞ்சுவார்கள்.
இப்போது காசு வந்துவிட்டது;
சுவரெல்லாம் டைல்ஸ் ஒட்டிய
வள்ளியூர்க் கல்யாண மண்டபம் மாதிரி ஒரு பளபளப்பு.
ஆறாவது பாட்டின் கடைசியில் மட்டும்
பழைய ஹில்யா ஒருமுறை இருமுகிறாள்.
அதை ஏழு தடவை கேட்டேன்.

கோபன்ஹேகன் ஜோடியைப் பற்றி
பெருமாள்புரத்திலிருந்து ஹெப்சிபா எழுதியிருந்தாள்:
"பிரிஞ்சிட்டாங்கடா. இதுதான் கடைசி ஆல்பம்.
இடது காதுல அவன், வலது காதுல அவ.
ஒரு பாட்டுலகூட நடுவுல சந்திக்கல."
என் ஹெட்போனில் வலது பக்கம் செத்து ஆறு மாசம்.
எனக்கு அது
ஒருத்தன் தனியாகப் பாடிய ஆல்பம்.
அவளிடம் சொல்லவில்லை.

மூன்றாவதை ஸ்பீக்கரில் போட்டேன்.
'போஸ்ட்போட்'. ட்ரொம்ஸோவில் நாலு பேர்.
அங்கே இப்போது சூரியன் மறைவதே இல்லையாம்.
அட்டையில் பெயின்ட் உரிந்த மஞ்சள் தபால் படகு,
உவரிக் கரையில் கவிழ்த்துப் போட்ட
வள்ளம் போலத்தான் இருந்தது.
முதல் பாட்டு சுமார்.
இரண்டாவதில் டிரம் தொடங்கியதும்
நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தேன்.

பதினேழாம் மெஷின்.
ஒரு சிறகு இறங்க இரண்டு அடி.
அடுத்த சிறகு, இரண்டு அடி.
திரையில் பார்த்தால் பதினாலு சுற்று.
மூன்று சிறகுக்கு நாற்பத்திரண்டு வீச்சு,
பாட்டு எண்பத்துநாலு.

டென்மார்க்கில் கப்பலேறி
தூத்துக்குடியில் இறங்கி
காவல்கிணறு வளைவில் இரண்டு நாள் மாட்டிக்கிடந்து
ஒரு டீக்கடையின் கூரையைக் கொஞ்சம் பெயர்த்துக்கொண்டு
வந்து சேர்ந்த சிறகுகள் இவை.
பிறந்த பக்கத்துத் தாளம்
நாருக்குள் தங்கியிருக்குமோ என்று நினைத்தேன்.
உடனே சிரிப்பு வந்தது:
அந்த மெஷினுக்கு கியர்பாக்ஸ்
கோயம்புத்தூரில் வாங்கி மாற்றியது.

பாடுகிறவள் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாள்.
விண். விண். விண்.
வானத்தைத்தான் சொல்கிறாள் என்று நான்.
சுடலைக்கண்ணு அண்ணன் பெஞ்சில் புரண்டு படுத்து,
"அந்தப் பிள்ளைக்குத் தலைவலியாடே?
விண்ணு விண்ணுங்கா."
அலாரம் வைத்து எழுந்து
அங்கே அதே பாட்டில் இருந்த ஹெப்சிபா
பொருள் தேடி அனுப்பினாள்.
காற்றாம்.
அந்த ஊரில் விண் என்றால் காற்று.

நாலேகாலுக்குக்
கணவாய்ப் பக்கமிருந்து இந்த ஊர் விண் வந்தது.
கதவு தானாகச் சாத்திக்கொண்டது.
பதினைந்து சுற்று. பதினாறு.
இரண்டாவது பாட்டை மறுபடி போட்டேன்.
அதற்குள் பதினேழாம் மெஷின் முந்திவிட்டது.
டிரம் அடிக்கிறவன்
நாகர்கோவில் பஸ்ஸைத் தவறவிட்டவன் போல
கொஞ்ச தூரம் பின்னாலேயே ஓடிவந்தான்,
பிறகு அவன் பாட்டுக்கு நடந்தான்.

பதிவேட்டில் எழுதினேன்:
4.20. காற்று கூடுகிறது.
ஓரத்தில், பென்சிலில்:
இரண்டாவது பாட்டு நன்று.

"எது பிடிச்சுது, சொல்லேன்" என்று ஹெப்சிபா.
இருபத்துமூன்றாம் மெஷின் சிவப்புக் காட்டுகிறது.
டார்ச்சைத் தேடிக்கொண்டே
ஒற்றை விரலால் தட்டினேன்:
"இரு. விண் ஜாஸ்தி."